வீட்டு மரமும் நகராட்சி அனுமதியும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

சொந்த இடத்தில் நிற்கும் மரத்தை அகற்ற அனுமதி வாங்குவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தந்திருக்கிறோம். விதிகள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் மனுவைக் கையில் எடுக்கும் அலுவலர் எங்கே இருந்தாலும் ஒன்றைத்தான் தேடுகிறார்: வெட்டாமலே இதைத் தீர்க்க வழி உண்டா? மனு எழுதும்போது இது நினைவில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கேள்வி: மனை என் பெயரில். மரமும் நான் வைத்ததுதான். இதற்கு எதற்கு இன்னொருவரிடம் அனுமதி?

பதில்: மரம் உங்களுடையதே. வெட்டினால் கட்டையும் பெரும்பாலும் உங்களுக்கே. ஆனால் சொந்த வீட்டில் மாடி எழுப்ப எப்படி அனுமதி வேண்டுமோ, அப்படித்தான் பல நகரங்களில் மரமும். எல்லா மரத்துக்கும் அனுமதி தேவைப்படாது. மனு எழுதும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். மரத்தின் பருமன் விதியில் சொன்ன வரம்பைத் தாண்டுகிறதா? அந்த இனம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா, அல்லது விலக்குப் பட்டியலில் இருக்கிறதா? மனை ஆற்றங்கரை, சரிவு, பாரம்பரியப் பகுதி போன்ற தனி வகையில் வருகிறதா? கடைசியாக, அந்த ஒரு மரத்தின் மீதே ஏதாவது நிபந்தனை இருக்கிறதா?

பலரும் கோட்டை விடுவது இந்த நான்காவதில்தான். வீட்டுக்கு வரைபட அனுமதி கொடுத்தபோது ‘இந்த மரத்தை விட்டுவைக்க வேண்டும்’ என்று குறித்திருப்பார்கள். அப்படியிருந்தால் மரம் எவ்வளவு மெலிந்ததாக இருந்தாலும் அது நிபந்தனைக்கு உட்பட்டதே. பழைய உரிமையாளர் வாங்கிய அனுமதி என்றாலும் உங்களையும் கட்டும். எனவே பழைய கட்டட அனுமதிக் கோப்பின் நகலை முதலில் எடுத்துப் பாருங்கள். குடியிருப்போர் சங்கம் ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் அது சங்கத்தின் சம்மதம் மட்டும்தான். நகராட்சி அனுமதி ஆகாது.

கேள்வி: ‘30 செ.மீ. விட்டத்துக்கு மேல் அனுமதி தேவை’ என்கிறார்கள். நிற்கிற மரத்தின் விட்டத்தை எப்படி அளப்பது? எங்கள் மரம் அடியிலேயே மூன்றாகப் பிரிந்திருக்கிறது.

பதில்: தையல்காரர் வைத்திருக்கும் டேப்பே போதும். தண்டைச் சுற்றிக் கிடைமட்டமாக ஓட்டி, சுற்றளவை எடுத்து, 3.14ஆல் வகுத்தால் விட்டம். 94 செ.மீ. சுற்றளவு என்றால் விட்டம் 30 செ.மீ. டேப் ஒரு பக்கம் சரிந்தால் அளவு கூடிவிடும். கொடி படர்ந்திருந்தால் டேப்பைக் கொடிக்கு அடியில் நுழைத்துத் தண்டோடு ஒட்ட விடுங்கள்.

எந்த உயரத்தில் அளப்பது என்பதில்தான் வம்பு. டொராண்டோவில் தரையிலிருந்து 1.4 மீட்டரில் 30 செ.மீ. விட்டமோ அதற்கு மேலோ இருந்தால் அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் மரப் பாதுகாப்புப் பகுதிகளிலும் காலி நிலங்களிலும் அரை மீட்டர் உயரத்தில் ஒரு மீட்டர் சுற்றளவைத் தாண்டிய மரத்துக்கு அனுமதி வேண்டும். இங்கிலாந்தின் பாதுகாப்புப் பகுதிகளில் 1.5 மீட்டர் உயரத்தில் 7.5 செ.மீ. விட்டமே வரம்பு. டெல்லியின் 1994ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டமோ, 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. விட்டமும் மொத்தத்தில் ஒரு மீட்டர் உயரமும் இருந்தாலே அதை மரம் என்கிறது. அதாவது மணிக்கட்டுப் பருமன்கூட வேண்டியதில்லை. சிலவற்றில் விட்டம், சிலவற்றில் சுற்றளவு என்பதையும் கவனியுங்கள். இரண்டையும் மாற்றிப் படித்தால் கணக்கு மூன்று மடங்கு தவறும்.

பல தண்டுள்ள மரத்துக்கு மூன்று விதமான கணக்கு நடைமுறையில் இருக்கிறது. உங்கள் மூன்று தண்டுகளும் 18, 15, 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெரிய தண்டை மட்டும் எடுக்கும் ஊரில் அது 18. எல்லாவற்றையும் கூட்டும் ஊரில் 45. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்கும் ஊரில் சுமார் 26. வரம்பு 30 என்றால், கூட்டிப் பார்க்கும் ஊரில் மட்டும் உங்களுக்கு அனுமதி தேவை. எந்தக் கணக்கு என்று அலுவலகத்தில் கேட்டு, முடிந்தால் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அளக்கும் உயரத்தில் முடிச்சோ புடைப்போ இருந்தால், அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ இயல்பான பருமன் உள்ள இடத்தில் அளந்து, எந்த உயரம் என்று மனுவில் எழுதிவிடுங்கள்.

தென்னை, பனை வகைகள் சில ஊர்ச் சட்டங்களில் மரம் என்ற வரையறைக்குள் வராது, சிலவற்றில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கும். வரையறைப் பிரிவைப் படிக்காமல் யூகிக்க வேண்டாம்.

கேள்வி: மனுவோடு என்னென்ன இணைக்க வேண்டும்? போன முறை ‘விவரம் போதாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: பெரும்பாலும் திரும்பி வருவது படம், வரைபடம், கையெழுத்து ஆகிய மூன்றில் ஒன்றால்தான்.

படங்கள் குறைந்தது ஐந்து வேண்டும். முழு மரமும் தெரியும்படி இரு திசைகளிலிருந்து இரண்டு. பக்கத்தில் ஒரு ஆளோ அளவுகோலோ நின்றால் உயரம் விளங்கும். அடிமரம் மண்ணைத் தொடும் இடம் ஒன்று. நீங்கள் குறையாகச் சொல்லும் பொந்து, வெடிப்பு அல்லது காளான் கிட்டத்தில் ஒன்று. மரமும் பாதிக்கப்படுவதாகச் சொல்லும் கட்டடமும் ஒரே சட்டகத்தில் ஒன்று. இந்த ஐந்தாவது படம் இல்லாமல் வரும் மனுக்கள்தான் அதிகம். விரிசலின் படம் தனியாகவும் மரத்தின் படம் தனியாகவும் இருந்தால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

வரைபடம் கையால் போட்டதாகவே இருக்கலாம். மனையின் எல்லை, வீடு, குழாய்ப் பாதை, மரங்கள், வடக்குத் திசை, தண்டிலிருந்து சுவருக்கும் எல்லைக்கும் உள்ள தூரம் மீட்டரில் இருந்தால் போதும். வெட்டப்போகும் மரத்தை மட்டுமல்ல, மனையில் உள்ள எல்லா மரங்களையும் எண்ணிட்டுக் குறியுங்கள். அதே எண்ணை மரத்தில் ஒரு துணிப்பட்டையில் எழுதிக் கட்டுங்கள், ஆணி அடிக்க வேண்டாம். வரைபடத்தில் 2 என்பது தரையில் 3 ஆகிப்போனால் வேறு மரத்துக்கு அனுமதி வந்துவிடும், அதைத் திருத்த மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கையெழுத்து, பத்திரத்தில் பெயர் உள்ள எல்லோருடையதும் வேண்டும். வாடகைக்கு இருப்பவர் போட்ட மனு பல ஊர்களில் செல்லாது. மரத்தின் பெயரை ஊரில் அழைக்கும் பெயரோடு தாவரவியல் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தெரியாவிட்டால் இலை, பூ, காய், பட்டை நான்கையும் படமெடுத்து இணையுங்கள். காரணம் எழுதும் இடத்தில் ‘ஆபத்தான மரம்’ என்று இரண்டு சொல்லில் முடிக்காமல், எந்தப் பகுதி, எதன் மேல், ஏன் விழலாம் என்று எழுதுங்கள். அதற்குக் கீழே இதுவரை செய்து பார்த்த மாற்று வழிகளையும், அவை ஏன் போதவில்லை என்பதையும் தேதியோடு போடுங்கள்.

கேள்வி: இலைக் குப்பை தாங்கவில்லை. மழைநீர்க் குழாய் அடைக்கிறது, ஜன்னலில் வெளிச்சமே இல்லை. இதைக் காரணமாகச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், கிடைப்பது அரிது. இலை, பூ, காய், பறவை எச்சம், நிழல் ஆகியவற்றை மரத்தின் இயல்பாகவே எண்ணி மறுப்பார்கள். இதற்குப் பதில் கவாத்துக்கு, அதாவது கிளைகளை மட்டும் நறுக்குவதற்கு, அனுமதி கேளுங்கள், எளிதில் கிடைக்கும். கீழ்க்கிளைகளை எடுத்துத் தலையை உயர்த்தினாலோ, உள்கிளைகளைக் கலைத்துவிட்டாலோ வெளிச்சம் வரும். ஒரு பருவத்தில் உயிருள்ள தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். உச்சியை மொட்டையாக அரிந்துவிட்டால் அடுத்த ஆண்டு கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மேல்தோலில் மட்டும் பிடித்திருக்கும். அவை பருத்த பிறகு காற்றில் பிய்ந்து விழும். பல ஊர்களில் மொட்டையடிப்பதே குற்றம்.

பெரிய கிளையை எடுக்கும்போது மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. கிளை போன பிறகு, கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் தடித்திருக்கும் பகுதியைத் தொடாமல் அதற்கு வெளியே மூன்றாவது. அந்தத் தடிப்புதான் காயத்தை மூடும். காயத்தில் தார், பெயிண்ட் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து காட்டினார். இன்னும் பூசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேள்வி: வேர் போய் காம்பவுண்டு சுவரும் வீட்டுச் சுவரும் விரிந்திருக்கின்றன. கழிவுநீர்க் குழாயிலும் வேர். இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

பதில்: மூன்றும் மூன்று வேறு பிரச்சினைகள். ஒன்றாகச் சேர்த்து எழுதினால் மூன்றுமே பலவீனப்படும்.

காம்பவுண்டு சுவரைத் தூக்குவது பருத்துக்கொண்டே போகும் வேர். லேசான சுவர், அடித்தளம் ஆழமில்லை. இதற்கு அலுவலர் சொல்லும் பதில் தயாராக இருக்கும்: அந்த இடத்தில் சுவரைப் பிரித்து, வேருக்கு மேலே இடைவெளி விட்டு ஒரு கான்கிரீட் விட்டத்தைக் குறுக்கே போட்டு மறுபடி எழுப்புங்கள். அது ஏன் முடியாது என்று காட்டினால்தான் மனு நிற்கும்.

குழாயை எடுத்துக்கொண்டால், நல்ல குழாயை வேர் துளைப்பது மிக அரிது. கசியும் இணைப்பில் ஈரம் தேடி நுழைகிறது. மரத்தை வெட்டினாலும் கசிவு இருக்கும், அடுத்த செடியின் வேர் வரும். குழாய்க்குள் கேமரா விட்டு எடுத்த பதிவும், மாற்றிய குழாயின் ரசீதும் இருந்து, அதற்குப் பிறகும் வேர் வந்தால் உங்கள் வாதம் பலமாகிறது.

வீட்டுச் சுவர்தான் சிக்கலானது. களிமண் நிலத்தில் மரம் நீரை உறிஞ்ச உறிஞ்ச மண் சுருங்கி, அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் இறங்கும். இப்படி வரும் விரிசல் பெரும்பாலும் மேலே அகன்று கீழே குறுகியிருக்கும். வறண்ட மாதங்களில் விரியும், மழைக்குப் பின் ஓரளவு மூடும். விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் குறியிட்டு, மாதம் ஒருமுறை இடைவெளியை மில்லிமீட்டரில் எழுதி வாருங்கள். ஒரு வறட்சியும் ஒரு மழைக்காலமும் அடங்கிய பதிவேடு, எந்தப் பொறியாளர் கடிதத்தையும்விடக் கனமான சான்று. மணல் பாங்கான நிலத்தில் இந்தக் காரணமே பொருந்தாது. விரிசலுக்கு வேறு மூலம் தேடுங்கள். இன்னொன்று: வீட்டைவிட வயதான மரத்தைக் களிமண்ணில் திடீரென எடுத்தால், வறண்டிருந்த மண் ஈரமேறி உப்பி அஸ்திவாரத்தை மேலே தள்ளலாம். இது சுருக்கத்தைவிடச் சீர்செய்யக் கடினமானது. எனவே பொறியாளரிடம் மண் பரிசோதனைக்குப் பிறகே முடிவெடுங்கள்.

‘அப்போ வேரை மட்டும் வெட்டிவிடலாம்’ என்று சிலர் ஜேசிபி கொண்டு பள்ளம் தோண்டுகிறார்கள். உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் 60 செ.மீ. மண்ணில்தான் இருக்கின்றன, தாங்கும் வேர்கள் தண்டைச் சுற்றியே. பிரிட்டிஷ் தரநிலையில் பாதுகாக்க வேண்டிய வட்டத்தின் ஆரம் தண்டு விட்டத்தின் 12 மடங்கு, 40 செ.மீ. மரத்துக்கு 4.8 மீட்டர். அதற்குள் ஒரு பக்கம் முழுக்க வெட்டினால் இன்று நிற்கும், அடுத்த புயலில் வேரோடு சாயும்.

கேள்வி: மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. பயமாக இருக்கிறது. உடனே வெட்டலாமா?

பதில்: சாய்வு பழையதா புதியதா என்று பாருங்கள். அடி சாய்ந்து, மேலே போகப் போக வளைந்து நிமிர்ந்திருந்தால் அது பல ஆண்டுச் சாய்வு. மரம் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. அடி முதல் நுனி வரை நேர்கோடாகச் சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்தோ மேலெழும்பியோ இருந்தால் அது அவசரம். அடிமரத்தில் தட்டுபோல் ஒட்டிய காளான், நெடுக ஓடும் வெடிப்பு, தட்டினால் வெறுமையாகக் கேட்கும் ஒலி ஆகியவையும் கவனிக்க வேண்டியவை.

பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. மிஞ்சியிருக்கும் நல்ல கட்டையின் தடிப்பு தண்டு ஆரத்தின் 30 விழுக்காட்டுக்குக் கீழே போனால் முறியும் வாய்ப்பு கூடுகிறது என்பது ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் மாத்தெக் சொன்ன அளவுகோல். 60 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் அது 9 செ.மீ. பொந்து ஒரு பக்கம் திறந்திருந்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஊசித் துளைக் கருவியோ ஒலி அலைக் கருவியோ வைத்து உள்ளே அளந்த அறிக்கை இருந்தால் அலுவலருக்கு மறுப்பது கடினம். விழுந்தால் எதன் மேல் விழும் என்பதும் பாதிக் கணக்கு. கீழே ஆள் நடமாட்டமே இல்லாத மூலையில் உள்ள மரத்துக்கு ‘ஆபத்து’ என்ற காரணம் எடுபடாது.

கண்முன்னே விழப்போகும் மரத்துக்குப் பல ஊர்களில் முன் அனுமதி விலக்கு உண்டு. ஆனால் ஆபத்தை நீக்கத் தேவையான அளவுக்கு மட்டும். தொங்கும் கிளைக்காக முழு மரத்தையும் எடுத்தால் விலக்கு போய்விடும். வெட்டும் முன் படமெடுங்கள், அலுவலகத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள், அழுகிய தண்டுத் துண்டை ஆய்வு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். அது அவசரம் என்று நிரூபிக்க உங்களிடம் இருக்கும் ஒரே பொருள் அதுவாக இருக்கலாம். மின்கம்பியில் உரசும் மரமென்றால் முதலில் மின்வாரியம். மரமேறியை அனுப்பாதீர்கள்.

கேள்வி: மரம் வெட்டுபவரே அறிக்கையும் எழுதித் தருகிறேன், அனுமதியும் வாங்கித் தருகிறேன் என்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: வெட்டினால் கூலி வாங்குபவர் ‘வெட்ட வேண்டும்’ என்று எழுதுவதை அலுவலர் எப்படி எடுத்துக்கொள்வார்? அறிக்கை எழுதுபவர் வேறு, வெட்டுபவர் வேறாக இருக்கட்டும். அனுமதி இல்லாமல் வெட்டினால் பல சட்டங்களில் வெட்டியவர், சொன்ன உரிமையாளர் இருவருமே பொறுப்பு. ‘அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்’ என்பது உங்களைக் காப்பாற்றாது. உத்தரவின் நகலை உங்கள் கையில் வாங்கி மர எண்ணைச் சரிபார்த்த பிறகே வாள் தொடட்டும்.

கேள்வி: மரம் சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

பதில்: தண்டு எல்லையைத் தொட்டு நின்றால் பல நாட்டுச் சட்டங்களில் அது இருவருக்கும் பொது. இருவர் கையெழுத்தும் இல்லாமல் மனு நகராது. தண்டு முழுக்க அவர் பக்கம் இருந்து கிளை மட்டும் உங்கள் பக்கம் நீட்டியிருந்தால், எல்லைவரை கிளையை நறுக்கும் உரிமை பல இடங்களில் உண்டு. அப்போதும் மரம் பாதுகாப்புக்கு உட்பட்டதானால் அனுமதி வேண்டும், மரம் பட்டுப்போகும்படி வெட்டக் கூடாது.

கேள்வி: மனு போட்டு இரண்டு மாதம் ஆகிறது. பதிலே இல்லை. அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: விதியில் அப்படி எழுதியிருந்தால் மட்டும். இங்கிலாந்தையே பாருங்கள். பாதுகாப்புப் பகுதி மரத்துக்கு முன்னறிவிப்புக் கொடுத்து ஆறு வாரம் பதில் இல்லையென்றால் வெட்டலாம். அதே நாட்டில் தனிப் பாதுகாப்பு ஆணை உள்ள மரத்துக்கு மனு போட்டு எட்டு வாரம் மௌனம் என்றால் அனுமதி ஆகாது. மேல்முறையீட்டுக்கு வழி திறக்கிறது, அவ்வளவே. நாள் கணக்கு நீங்கள் தபாலில் போட்ட தேதியிலிருந்து அல்ல, முழுமையான மனுவைப் பெற்றதாக அலுவலகம் பதிந்த தேதியிலிருந்து. அந்த ஒப்புகைச் சீட்டு இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

மறுத்தால், மறுப்புக் காரணத்தைப் பாருங்கள். சான்று போதாது என்றால் சான்று சேர்த்துப் புது மனு போடுவது மேல்முறையீட்டைவிட விரைவு. மரம் நல்ல நிலையில் இருக்கிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்திருந்தால்தான் மேல்முறையீடு. அதற்கான கடைசி நாள் உத்தரவிலேயே இருக்கும்.

கேள்வி: அடியில் பட்டையைச் சுற்றி உரித்துவிட்டால் தானாகக் காய்ந்துவிடுமாமே? காய்ந்த மரத்துக்கு அனுமதி வேண்டாமாமே?

பதில்: காயும். வளையத் தழும்பும் அப்படியே நிற்கும். பட்டை உரித்தல், ஆசிட், உப்பு, வேரில் எண்ணெய் ஊற்றுதல் எல்லாம் பெரும்பாலான சட்டங்களில் ‘மரத்தை அழித்தல்’ என்ற வரையறைக்குள் வருகின்றன. அபராதம் தவிர, காய்ந்து உளுத்த மரத்தில் ஏற எந்த மரமேறியும் தயங்குவார். கிரேன் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். இயற்கையாகப் பட்டுப்போன மரத்துக்கும்கூடப் பல ஊர்களில் முன்னறிவிப்பு தேவை. பட்டதை அவர்கள் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

கேள்வி: அனுமதி கிடைத்துவிட்டது. இனி என்ன?

பதில்: உத்தரவின் கடைசிப் பத்தியைப் படியுங்கள், நிபந்தனைகள் அங்கேதான். எத்தனை மாதம் செல்லும், நகலை வாசலில் ஒட்ட வேண்டுமா, கூடு கட்டும் பருவத்தில் தடை உண்டா, எத்தனை கன்று எந்த உயரத்தில் நட வேண்டும் என்றெல்லாம் இருக்கும். வெட்டும் அன்று காலை கூடுகளைப் பார்த்துவிடுங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் அனுமதி கையில் இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். பறவைப் பாதுகாப்புச் சட்டம் தனி.

அடிக்கட்டையை 15 முதல் 30 செ.மீ. ஆழத்துக்கு அரைத்து எடுப்பது வழக்கம். விட்டுவைத்தால் சில இனங்கள் துளிர்க்கும். மாற்றுக் கன்றை அதே குழியில் வைக்காதீர்கள். மரத்தூளும் பழைய வேரும் மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், மண்ணும் இறங்கும். குறைந்தது ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். வேர் பிரியும் அகன்ற பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதைப் புதைப்பதால்தான் பல கன்றுகள் சாகின்றன. மண்ணின் மேல் பரப்பும் சருகு மூடாக்கு 5 முதல் 10 செ.மீ., தண்டைத் தொடாமல். கன்று நடுவதற்கு உறுதியாக வைப்புத்தொகை கட்டியிருந்தால் நட்ட அன்றும் ஓராண்டு கழித்தும் அதே கோணத்தில் படமெடுத்து வையுங்கள். ஆய்வுக்கு வருபவர் கன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார், செத்திருந்தால் மறுபடி நட்டு மறுபடி அதே காலம் காத்திருக்க வேண்டும்.